மாதிரி ரயிலுக்கு ஒயரிங்: பலகைக்கு அடியில் ஓட வேண்டிய செம்பு

மாதிரி ரயில் வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான் நடக்கிறது. பெட்டியில் வந்த தண்டவாளத் துண்டுகளைக் கூடத்துத் தரையில் வட்டமாகக் கோத்து, கூடவே வந்த கன்ட்ரோலரைச் செருகியதும் ரயில் ஜோராக ஓடும். ஆசை பெருகும். எட்டடிக்கு நாலடி பிளைவுட் வாங்கி, கால் அடித்து நிறுத்தி, இன்னும் கொஞ்சம் தண்டவாளம் சேர்த்துப் பெரிய வட்டமாகப் போடுவோம். சிக்கல் அங்கேதான் தொடங்கும். கன்ட்ரோலர் பக்கத்தில் பாய்ந்து வரும் என்ஜின், எதிர்ப்பக்கம் போனதும் மேடேறும் மாட்டுவண்டிபோல இழுக்கும். பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டின் மேல் வந்து அப்படியே நிற்கும். விரலால் லேசாகத் தள்ளினால் மறுபடி கிளம்பும்.

என் முதல் பலகையிலும் இதுதான் நடந்தது. என்ஜினைப் பிரித்தேன், எண்ணெய் விட்டேன், சக்கரங்களைத் துடைத்தேன். என்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. தண்டவாளம் தானே மின்சாரத்தையும் சுமந்துகொண்டு போய்விடும் என்று நம்பியதுதான் பிழை. சக்கரம் ஓடத்தான் தண்டவாளம். மின்சாரம் ஓடுவதற்குப் பலகைக்கு அடியில் தனியாகச் செம்புக் கம்பி வேண்டும். மாதிரி ரயில் ஒயரிங்கில் புதிதாக வருபவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதிக்கு மேல் இதற்குள் அடங்கிவிடும். மீதியையும் இதிலிருந்தே பிடித்துக்கொண்டு போகலாம்.

இரண்டு தண்டவாளம், இரண்டு முனை

நம் ஊர் மின்சார ரயிலுக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் வருகிறது. அது என்ஜினுக்குள் இறங்கி வேலை செய்துவிட்டு, சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குப் போய்த் திரும்புகிறது. போக ஒரு வழி, வர ஒரு வழி. மாதிரி ரயிலில் மேலே கம்பி இல்லை. ஆகவே ஒரு தண்டவாளம் போகும் வழி, மற்றொன்று வரும் வழி. இடது சக்கரம் தொட்டு எடுக்கும் மின்சாரம் மோட்டாருக்குள் புகுந்து, வலது சக்கரம் வழியாக அடுத்த தண்டவாளத்துக்கு வந்து, கன்ட்ரோலருக்குத் திரும்பிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. நிஜ ரயிலில் ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களும் இரும்பால் இணைந்தவை. அந்த இணைப்பைத்தான் சிக்னல்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இரண்டு தண்டவாளங்களிலும் மிகச் சிறிய மின்சாரத்தை ஓடவிட்டு, அதன் முனையில் மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச், அதாவது ரிலே, வைப்பார்கள். ரயில் அந்தப் பகுதிக்குள் நுழைந்ததும் அதன் அச்சு இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். ரிலேவுக்குப் போகும் மின்சாரம் நின்று, சிக்னல் சிவப்பாகும். அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட் இதுதான். அங்கே பாதுகாப்புக்கு அடிப்படையாக இருக்கும் அதே இணைப்பு மாதிரி ரயிலில் நேர்ந்தால் ஷார்ட் சர்க்யூட். அதனால்தான் மாதிரிப் பெட்டிகளின் அச்சில் ஒரு சக்கரத்துக்காவது பிளாஸ்டிக் காப்பு இருக்கும். பழைய பெட்டிக்கு உலோகச் சக்கரம் மாற்றும்போது இந்தக் காப்பைக் கவனிக்காமல் போட்டுவிட்டால், பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்த உடனே கன்ட்ரோலர் கட்டாகிவிடும்.

எச்ஓ (HO) என்பது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய ‘N’ என்ற அளவுக்கு இடைவெளி 9 மில்லிமீட்டர். இரண்டிலும் சாதாரண டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) முறையில் அதிகபட்சம் 12 வோல்ட் அளவில்தான் ஓட்டுகிறோம். வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். என்ஜின் போகும் திசையில் முகம் வைத்துப் பார்க்கும்போது வலப்பக்கத் தண்டவாளம் பாசிட்டிவாக இருந்தால் என்ஜின் முன்னால் போகும். 1935-இல் தொடங்கிய அமெரிக்க தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் வரையறை இது. பாசிட்டிவ், நெகட்டிவ் இடம் மாறினால் என்ஜின் பின்னால் போகும்.

இந்த விதியைக் கையாலேயே சோதித்துப் பாருங்கள். என்ஜின் ஜன்னல் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தி, தூக்கி, முன்பின் திருப்பி வைத்து, கன்ட்ரோலரில் எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டுங்கள். இப்போதும் அது ஜன்னல் பக்கமாகவே போகும், ஆனால் பின்னோக்கி. காரணம், என்ஜினைத் திருப்பியபோது அதன் வலமும் இடமும் மாறிவிட்டன. தண்டவாளத்தின் பாசிட்டிவ் மாறவில்லை. டிசி முறையில் திசை தண்டவாளத்துக்குச் சொந்தம். ரயிலைத் திருப்பிவிடும் வளையத்தில், பின்னால் வரப்போகும் ரிவர்ஸ் லூப் சிக்கலுக்கு வேர் இதில்தான் இருக்கிறது.

பூஜைத் தட்டும் தண்டவாளமும்

இன்று விற்கும் நல்ல மாதிரித் தண்டவாளங்கள் நிக்கல் சில்வர் என்ற கலப்பு உலோகத்தால் ஆனவை. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். நமக்கு அது ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் பழக்கம்: நவராத்திரிக்குத் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கும் குங்குமச் சிமிழும் தட்டும் நினைவுக்கு வரும். துரு ஏறாது, பளபளப்பு சட்டென்று மங்காது, மேலே படியும் ஆக்சைடு சக்கரத்தின் தொடுகையைப் பெரிதாகக் கெடுக்காது. தண்டவாளத்துக்கு அருமையான உலோகம். ஆனால் மின்சாரம் கடத்துவதில் செம்புக்கு வெகு கீழே. ஒரே பருமனில் ஒப்பிட்டால் அதன் மின்தடை செம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

அதையும்விட மோசமானது துண்டுகளைக் கோக்கும் இடம். ஃபிஷ் பிளேட் என்று நாம் சொல்லும் சிறிய தகட்டு இணைப்பு, தண்டவாளங்களை நேராக நிறுத்தி வைப்பதற்கு நல்லது. அது மின்சாரத்தையும் கடத்தும் என்றுதான் பெட்டியோடு வரும் விளக்கத்தாள் எண்ண வைக்கிறது. புதிதாக இருக்கும்போது கடத்தவும் செய்யும். சில மாதம் போனால் தகடு தளரும், ஈரக்காற்றில் உள்ளே படலம் படியும், ஜல்லி ஒட்டப் பூசிய பசை உள்ளே ஊறும், தண்டவாளத்துக்குத் துருவின் நிறம் பூசும்போது பெயின்டும் இறங்கும். கடலோரத்து வீடுகளில் இது இன்னும் விரைவாக நடக்கும். எட்டுக்கு நாலு பலகையில் 18 அங்குல ஆர வளைவோடு ஒரு நீள்வட்டம் போட்டால் சுற்றளவு ஐந்தரை மீட்டர் அளவுக்கு வரும். ஒன்பது அங்குலத் துண்டுகள் என்றால் ஏறக்குறைய 24 துண்டு, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் சேர்த்து 48 இணைப்பு. மின்சாரம் ஒரே இடத்தில் ஏறினால், எதிர்க்கோடியில் நிற்கும் என்ஜினுக்குப் போய்ச் சேர ஒவ்வொரு பக்கமும் பத்துப் பன்னிரண்டு தகடுகளைத் தாண்ட வேண்டும். அதில் ஒன்று தளர்ந்தாலும் ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “எல்லா இடத்திலும் 12 வோல்ட் காட்டுகிறதே” என்று பலர் குழம்புவார்கள். ரயில் ஓடாதபோது அளந்தால் அப்படித்தான் காட்டும். மின்சாரம் ஓடினால்தான் மின்தடையில் வோல்ட் விழும். ஓடாத மின்சாரத்துக்கு வீழ்ச்சி கிடையாது. எதிர்க்கோடியில் என்ஜினை ஓடவிட்டு, அது அங்கே இருக்கும்போதே அளங்கள். கன்ட்ரோலர் முனைக்கும் அந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போது கண்ணுக்குத் தெரியும்.

பஸ் ஒயரும் டிராப்பரும்

தீர்வு, வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவதுபோலத்தான். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பருத்த குழாய் ஒன்று இறங்கும். ஒவ்வொரு அறைக்கும் அதிலிருந்து சின்னக் குழாய் பிரியும். பலகைக்கு அடியில், மேலே தண்டவாளம் போகும் பாதையைத் தொடர்ந்து, இரண்டு பருத்த செம்புக் கம்பிகளை ஓட்டுங்கள். இவை பஸ் ஒயர். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும், முடியாவிட்டால் ஒரு மீட்டருக்கு ஒரு ஜோடி வீதமாவது, மெல்லிய கம்பிகளைப் பலகையில் துளையிட்டுக் கீழே இறக்கி, அந்தப் பஸ்ஸோடு இணையுங்கள். இவை டிராப்பர். இனி ஃபிஷ் பிளேட் தளர்ந்தாலும் கவலை இல்லை; அது தண்டவாளத்தை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

என்ன பருமன்? வீட்டு விளக்குகளுக்கு எலெக்ட்ரீஷியன் இழுக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரே ஒரு அறைக்குள் அடங்கும் அமைப்புக்குத் தாராளம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த ஒயரில் ஒரு மீட்டருக்கு மின்தடை சுமார் 0.012 ஓம். ஐந்து மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் பத்து மீட்டர், 0.12 ஓம். மூன்று ஆம்பியர் ஓடினால் விழுவது 0.36 வோல்ட். கண்ணுக்கே தெரியாத இழப்பு. அதே தூரத்துக்கு 0.2 ஸ்கொயர் எம்எம் மெல்லிய ஒயரைப் போட்டால் மின்தடை 0.86 ஓம், விழுவது இரண்டரை வோல்ட்டுக்கு மேல். பன்னிரண்டில் இரண்டரை போனால் ரயில் தள்ளாடத்தான் செய்யும். டிராப்பருக்கு மட்டும் 0.5 ஸ்கொயர் எம்எம் போதும், ஒரு சாண் நீளத்துக்குள் வைத்துக்கொண்டால். குட்டையான ஒயரில் இழப்பு குறைவு. தண்டவாளத்தோடு பற்றவைக்கவும் மெல்லியதே வசதி.

நிறத்தில் கறாராக இருங்கள். வட்டத்தின் வெளித் தண்டவாளத்துக்குச் சிவப்பு, உள் தண்டவாளத்துக்குக் கறுப்பு என்று ஒன்றை முடிவு செய்தால், கடைசி டிராப்பர் வரை அதேதான். கடையில் கறுப்பு தீர்ந்துவிட்டது என்று நடுவில் பச்சையைச் சேர்க்காதீர்கள். ஒரே ஒரு டிராப்பர் இடம் மாறினால்கூட மொத்த அமைப்பும் ஷார்ட்டாகும். அது எது என்று தேடப் பலகைக்கு அடியில் டார்ச்சோடு படுத்துக் கிடக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடியை இணைத்ததும் ரயிலை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது என் வழக்கம். நேரம் பிடிக்கும். ஆனால் பிழை வந்தால் அது கடைசியாகத் தொட்ட ஜோடியில்தான் இருக்கும்.

சால்டரிங் செய்யப் பயப்பட வேண்டாம், அவசரமும் வேண்டாம். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தைச் சின்ன அரத்தால் லேசாகத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள். உள்பக்கம் கூடாது, சக்கரத்தின் விளிம்பு அதில் இடிக்கும். ரோசின் ஃபிளக்ஸ் தடவி, தண்டவாளத்தில் ஒரு துளி ஈயமும், ஒயர் முனையில் கொஞ்சம் ஈயமும் முன்கூட்டியே பூசிக்கொண்டால், இரண்டையும் சேர்த்து வைத்து சால்டரிங் அயர்னை இரண்டு மூன்று வினாடி தொட்டாலே ஒட்டிக்கொள்ளும். தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டைகள் உருகுவது பெரும்பாலும் சூடு போதாத அயர்னால்தான். 25 வாட் அயர்னை நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தால் சூடு தண்டவாளம் முழுக்கப் பரவிக் கட்டைகளை இளக்கிவிடும். அகன்ற முனையுள்ள 40 அல்லது 60 வாட் அயர்ன் சட்டென்று வேலையை முடித்துவிடும். இரு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அமிலம் கலந்த ஃபிளக்ஸ் வேண்டவே வேண்டாம். மாதக்கணக்கில் ஒயரை அரித்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம்.

இரண்டு ரயில் ஓட வேண்டுமென்றால்

டிசி முறையில் வோல்ட்டும் திசையும் தண்டவாளத்துக்குச் சொந்தம் என்றேன். ஆகவே ஒரே வட்டத்தில் இரண்டு என்ஜின் வைத்தால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும், சேர்ந்தே நிற்கும். தனித்தனியாக ஓட்ட வேண்டுமானால் தண்டவாளத்தைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். உலோக ஃபிஷ் பிளேட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் ஃபிஷ் பிளேட் போட்டால் அங்கே மின்தொடர்பு அறும். ஒவ்வொரு பகுதிக்கும் தனி டிராப்பர், தனி சுவிட்ச். நடுவில் ஆஃப் உள்ள இருவழிச் சுவிட்சாக இருந்தால், மேலே தள்ளினால் முதல் கன்ட்ரோலர், கீழே தள்ளினால் இரண்டாவது, நடுவில் வைத்தால் அந்தப் பகுதியில் ரயில் நின்று காத்திருக்கும்.

நிஜ ரயிலிலும் இதற்கு உறவுக்கார ஏற்பாடு உண்டு. இரண்டு துணைமின் நிலையங்களின் எல்லை சந்திக்கும் இடத்தில் மேல்கம்பியில் ஒரு சிறு துண்டுக்கு மின்சாரமே இருக்காது. நியூட்ரல் செக்‌ஷன் என்பார்கள். ஓட்டுநர் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்துவிட்டு, வந்த வேகத்திலேயே அதைக் கடந்து, பிறகு மூடுவார். ரயில் பயணத்தில் ஒரு கணம் சத்தம் அடங்கி மறுபடி எழுவதைக் கவனித்திருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம்.

பகுதி முறையில் சுவிட்சுகளை நினைவில் வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். அதிலிருந்து விடுதலை தந்தது டிஜிட்டல் முறை, சுருக்கமாக டிசிசி. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து, 1990-களில் அமெரிக்கச் சங்கம் இதைப் பொதுத் தரமாக்கியது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும். எச்ஓ-வுக்குப் பெரும்பாலும் 15 வோல்ட் பக்கம். அது டிசி அல்ல. பாசிட்டிவும் நெகட்டிவும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் கால அளவுதான் செய்தி: ஒவ்வொரு அரைப்பங்கும் 58 மைக்ரோ வினாடி நீடித்தால் ‘1’, 100 மைக்ரோ வினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் ‘0’. இந்த ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்து “3-ஆம் எண் என்ஜினே, இந்த வேகத்தில் முன்னால் போ” என்ற கட்டளையாகிறது. தபால்காரர் தெரு முழுக்கக் கூவினாலும் அவரவர் பெயருக்கு மட்டும் அவரவர் கதவு திறப்பதுபோல, எல்லா என்ஜினும் எல்லாக் கட்டளையையும் கேட்கும், தன் எண் வந்தால் மட்டும் நடக்கும். என்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் என்ற சிறு சர்க்யூட்தான் கேட்பதும் மோட்டாரை ஓட்டுவதும். புதிய டீகோடர்கள் 3 என்ற எண்ணோடுதான் வரும், வாங்கியதும் மாற்றிக்கொள்ளலாம்.

“டிஜிட்டல் வந்தால் ஒயரிங் தேவையில்லை, இரண்டு ஒயர் போதும்” என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சுவிட்சுகள் குறையும், உண்மை. ஆனால் செம்பின் தேவை கூடும். டிசியில் ஒரு சாதாரண எச்ஓ என்ஜின் அரை ஆம்பியருக்குள் முடித்துக்கொள்ளும். டிஜிட்டலில் நாலைந்து என்ஜின், ஒலி, பெட்டிகளுக்குள் விளக்கு எல்லாம் ஒரே பஸ் ஒயரிலிருந்து குடிக்கும். அதைவிட முக்கியமான காரணம் பாதுகாப்பு. தண்டவாளத்துக்கு ஐந்து ஆம்பியர் தரும் டிஜிட்டல் கருவி என்று வைத்துக்கொள்வோம். ரயில் தடம் புரண்டு ஷார்ட்டானால், மின்சாரம் ஐந்து ஆம்பியரைத் தாண்டியதும் கருவி தானே கட்டாக வேண்டும். 15 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் ஓட வேண்டுமென்றால் வழியில் உள்ள மொத்த மின்தடை 3 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். மெல்லிய ஒயரும் தளர்ந்த தகடுகளும் சேர்ந்து அதைத் தாண்டிவிட்டால், ஷார்ட் நடப்பதே கருவிக்குத் தெரியாது. கட்டாகாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். 15 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 75 வாட்: மூன்று 25 வாட் சால்டரிங் அயர்னின் சூடு, தடம் புரண்ட சக்கரத்திலும் தளர்ந்த இணைப்பிலும் வந்து இறங்கும். பிளாஸ்டிக் உருகுவது அப்படித்தான்.

இதைச் சோதிக்க ஒரு ரூபாய் நாணயம் போதும். ரயில்களை எடுத்துவிட்டு, மின்சாரம் இருக்கும் தண்டவாளத்தின் மேல் நாணயத்தை வைத்து இரண்டு தண்டவாளங்களையும் இணையுங்கள். கருவி உடனே கட்டாக வேண்டும். பலகை முழுக்க, அடிக்கு ஒரு இடத்தில், குறிப்பாகக் கருவிக்கு வெகு தொலைவில் உள்ள மூலைகளில் செய்யுங்கள். எங்கே கட்டாகவில்லையோ அங்கே டிராப்பர் போதவில்லை. நாணயம் சூடாகும் முன் கையை எடுத்துவிடுங்கள்.

டிஜிட்டலுக்கு மேலும் மூன்று எச்சரிக்கை. டீகோடர் இல்லாத பழைய என்ஜினை டிஜிட்டல் தண்டவாளத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். மோட்டார் ரீங்கரித்துக்கொண்டே சூடாகிக் கெடும். டிசி கன்ட்ரோலரையும் டிஜிட்டல் கருவியையும் ஒரே தண்டவாளத்தில் ஒருசேர இணைக்கக் கூடாது. பஸ் ஒயரின் இரு முனைகளையும் கொண்டுவந்து சேர்த்து வளையமாக்காமல், கோடியில் தனித்தனியே விட்டுவிடுங்கள்.

விலை கேட்டு மலைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அர்டுயினோ மெகா என்ற சிறு கணினி போர்டும் மோட்டார் ஷீல்டும் வாங்கி, டிசிசி-இஎக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளை ஏற்றினால் நீங்களே டிஜிட்டல் கருவி செய்துகொள்ளலாம். வைஃபை வசதியும் சேர்த்துக்கொண்டால் கைபேசியிலிருந்தே ஓட்டலாம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை மாலை சுற்றினால் போர்டு, ஒயர், சுவிட்ச், மல்டிமீட்டர் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

பாயிண்டில் ஏன் நிற்கிறது?

பாயிண்டில் இரண்டு பாதைகளின் தண்டவாளங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் முனை ஒன்று உண்டு. நம் ரயில்வேயில் அதைக் கிராசிங் என்பார்கள். மாதிரி ரயில்காரர்களுக்கு ஃபிராக். ரயில் நேராகப் போனால் அந்த முனை ஒரு தண்டவாளத்தின் பகுதி. திரும்பிப் போனால் எதிர்த் தண்டவாளத்தின் பகுதி. அதாவது ஒரு நேரம் அது சிவப்பாக வேண்டும், இன்னொரு நேரம் கறுப்பாக வேண்டும். தயாரிப்பாளர்கள் இதற்கு இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, அந்த முனையைப் பிளாஸ்டிக்கால் செய்து மின்சாரமே இல்லாமல் விட்டுவிடுவது. ஒயரிங் எளிது, ஆனால் நாலு சக்கரக் குட்டி என்ஜின் மெதுவாக வந்தால் அங்கேயே நின்றுவிடும். மற்றது, முழுக்க உலோகத்தில் செய்து, பாயிண்ட் திரும்பும்போது முனையின் துருவமும் மாறும்படி ஒரு சுவிட்ச் வைப்பது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ரயில் நிலையத்துக்குள் ஊர்ந்து நுழையும் அழகு மெதுவான ஓட்டத்தில்தான் இருக்கிறது. அதை ஃபிராக்கில் இழக்க மனம் வராது.

உலோக ஃபிராக் வைத்தால் ஒரு விதி: மின்சாரம், பாயிண்டைத் திருப்பும்போது நகரும் நாக்குத் தண்டவாளம் இருக்கும் பக்கத்திலிருந்து வர வேண்டும், ஃபிராக்கிலிருந்து வெளியேறும் இரண்டு உள் தண்டவாளங்களுக்கும் பிளாஸ்டிக் ஃபிஷ் பிளேட் போட வேண்டும். அந்தக் காப்புக்கு அப்பால் உள்ள தண்டவாளங்களுக்குத் தனி டிராப்பர். இதை மறந்தால் பாயிண்டைத் திருப்பிய நொடியில் ஷார்ட்.

பாயிண்டைத் திருப்பும் மோட்டாரில், மின்காந்தச் சுருளால் சட்டென்று இழுக்கும் சொலினாய்டு வகைக்கு ஒரு கணத் துடிப்பு போதும். அழுத்திப் பிடித்தால் சுருள் கருகிவிடும். தள்ளினால் அப்படியே நிற்கும் சுவிட்சை அதற்குப் போடாதீர்கள். அழுத்தி விடும் பட்டன்தான் சரி. கபாசிட்டரில் மின்சாரத்தைச் சேமித்து ஒரே வீச்சில் விடும் யூனிட் ஒன்றை இடையில் வைத்தால் பட்டன் சிக்கிக்கொண்டாலும் சுருள் தப்பிக்கும். மெதுவாகத் திரும்பும் மோட்டார் வகை சில மில்லி ஆம்பியர்களே எடுக்கும். எப்போதும் இணைப்பில் இருந்தாலும் கெடாது.

சிவப்பு கறுப்பைச் சந்திக்கும் இடம்

போன பாதையிலேயே திரும்பி வருமாறு ஒரு சுருக்கு வளையம், அதாவது ரிவர்ஸ் லூப், போட ஆசை எல்லோருக்கும் வரும். பாயிண்டில் பிரிந்து, வளைந்து, அதே பாயிண்டுக்கே வந்து சேரும் பாதை. போட்டதும் கன்ட்ரோலர் கட்டாகும். வளையத்தில் சுற்றி வரும் வெளித் தண்டவாளத்தை விரலால் தொடர்ந்து போனால், அது கிளம்பிய தண்டவாளத்தில் சேராமல் எதிர்த் தண்டவாளத்தில் வந்து முட்டுவது தெரியும். சிவப்பு கறுப்பில் போய் இடிக்கிறது.

வரைபடத்தில் இது சட்டென்று கண்ணில் படாது. முக்கோணப் பாதையிலும், வட்டத்துக்குக் குறுக்கே மூலைக்கு மூலை போடும் இணைப்பிலும் ஒளிந்துகொண்டிருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு பழைய பெட்டியின் ஒரு பக்கம் சிவப்பு ஸ்டிக்கர், மறுபக்கம் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒயரிங்குக்கு முன்பே, மின்சாரம் இல்லாமல், எல்லாப் பாதைகளிலும் கையால் தள்ளிப் போங்கள். இடையில் தூக்கித் திருப்பக் கூடாது. ஏற்கெனவே போன ஓர் இடத்துக்கு மறுபடி வரும்போது சிவப்பு இருந்த பக்கம் கறுப்பு வந்தால், அந்த வழியில் ரிவர்ஸ் லூப் இருக்கிறது.

வளையத்துக்குள் ஒரு பகுதியை, இரண்டு தண்டவாளத்திலும் இரண்டு முனையிலும், ஆக நாலு இடத்தில், பிளாஸ்டிக் ஃபிஷ் பிளேட் போட்டுப் பிரியுங்கள். அந்தப் பகுதி உங்கள் நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். டிசி முறையில் அதற்குத் தனியாகத் துருவம் மாற்றும் சுவிட்ச். ரயில் முழுவதும் உள்ளே வந்ததும் நிறுத்தி, வெளிப்பாதையின் துருவத்தை மாற்றி, மறுபடி ஓட்ட வேண்டும். டிஜிட்டலில் இதற்கென்றே விற்கும் ஆட்டோ ரிவர்சர், சக்கரம் எல்லையைத் தொட்டதும் ஷார்ட்டை உணர்ந்து கண நேரத்தில் துருவத்தை மாற்றிவிடும். அங்கே திசை டீகோடருக்குச் சொந்தம் என்பதால் என்ஜின் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஜெர்மனியின் மெர்க்லின் இந்தச் சிக்கலையே வரவிடாமல் செய்த நிறுவனம்: அதன் எச்ஓ பாதையில் இரண்டு தண்டவாளமும் ஒரே துருவம், கட்டைகளின் நடுவே தலைகாட்டும் சிறு உலோகப் புள்ளிகள் மறு துருவம். வளையம் எப்படிச் சுழன்றாலும் நடு நடுவாகவே இருக்கும்.

230 வோல்ட் பலகையைத் தொடவே கூடாது

12 வோல்ட் கையில் பட்டால் ஒன்றும் ஆகாது. அதைத் தரும் அடாப்டரின் மறுமுனையில் 230 வோல்ட் இருக்கிறது. அது ஆளைக் கொல்லும். அடாப்டரைக் கடையில் மூடிய நிலையில் வாங்குங்கள், மூடிய நிலையிலேயே வைத்திருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த பெட்டி என்றால், செருகுமுன் அடாப்டரின் அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் கவலையில்லை. அமெரிக்கப் பெட்டிகள் சிலவற்றில் 120 வோல்ட் மட்டும் என்று இருக்கும். அதை நம் பிளக்கில் செருகினால் புகைந்துவிடும். ஊசிமாற்றி போட்டால் பிளக் பொருந்துமே தவிர வோல்ட் குறையாது.

பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டின் வெளிமுனைகளை ஒன்றாக இணைத்துச் சக்தியைக் கூட்டப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒன்றைப் பிளக்கிலிருந்து உருவினாலும், மற்றதன் 16 வோல்ட் இதற்குள் பின்வழியாக ஏறி மேலே பெரிதாகி, உருவிக் கையில் வைத்திருக்கும் பிளக் ஊசிகளில் 230 வோல்ட்டாக வந்து நிற்கும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும் விளையாட்டு இது. பலகைக்கு என்று ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் ஒரே ஒரு மெயின் சுவிட்ச், அந்த லைனுக்கு மின்கசிவு வந்தால் தானே கட்டாகும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எழுந்து போகும்போது அந்த ஒரு சுவிட்சை அணைத்தால் எல்லாம் அணைந்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ரயில் ஓரிடத்தில் இழுத்தால் முதலில் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், அது உண்டாக்கும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். துடைத்தும் இழுத்தால் அந்த இடத்து டிராப்பரைப் பாருங்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு டிராப்பரும் பஸ்ஸைத் தொடும் இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் சுற்றி, மேலே எந்தத் தண்டவாளம் என்று பேனாவால் எழுதி வைக்கச் சொல்கிறேன். ஒயர் போட்ட அன்றைக்கே எழுதுங்கள்.